ஒரே ஸ்டேஜ்தான், ஒருவருக்குக் கீமோ, இன்னொருவருக்கு இல்லை. ஏன்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பற்றித்தான். அதில் வியப்பில்லை. சிங்கப்பூர்ப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகம், பெருங்குடல், நுரையீரல் ஆகியவற்றுக்கு அடுத்து நாலாவது இடத்தில் இருப்பது இதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

டாக்டர், அம்மாவுக்கு 58 வயது. மார்ச்சில் கருப்பை, கருமுட்டைப்பை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியாய்டு வகை, கிரேடு 2, தசைச் சுவரில் 15 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் ஊடுருவல், எல்விஎஸ்ஐ ஃபோக்கல், மூன்று நிணநீர்க் கணுக்களிலும் இல்லை, பி53 நார்மல், எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் 'லாஸ்' என்று இருக்கிறது. ஸ்டேஜ் 1ஏ. மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம், செக்கப்புக்கு வந்தால் போதும் என்கிறார்கள். எங்கள் புளோக்கில் எட்டாவது மாடி ஆன்ட்டிக்கும் போன வருடம் இதே நோய், இதே 1ஏ. ஆனால் அவருக்குக் கீமோ கொடுத்தார்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்களா? சி கிளாஸ், அதாவது மானிய வார்டு என்பதாலா?
- மகள், ஈசூன்

முதலில் கடைசிக் கேள்வி. இல்லை. சி கிளாஸில் படுத்தவருக்கும் ஏ கிளாஸில் படுத்தவருக்கும் இந்த முடிவு ரிப்போர்ட்டை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது. அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ மருத்துவர், நுண்ணோக்கியில் பார்த்த பெத்தாலஜிஸ்ட் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும்போது வார்டு எது என்று யாரும் பார்ப்பதில்லை. 58 என்பதும் கீமோ தாங்காத வயதில்லை.

சரி, ஆன்ட்டி விஷயத்துக்கு வருவோம். ஸ்டேஜ் என்பது கட்டி எதுவரை போயிருக்கிறது என்று சொல்லும். அது எப்படிப்பட்ட கட்டி, திரும்பி வரும் குணமுள்ளதா என்பதை அது மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்வது ரிப்போர்ட்டின் மற்ற வரிகள், நீங்கள் எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அந்த வரிகள்தான். நிறையப் பேர் "ஸ்டேஜ் 1" என்று மட்டும் எழுதிவிட்டு "பிழைப்பாரா டாக்டர்" என்று கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்வது? நீங்கள் எல்லாவற்றையும் எழுதியிருப்பதால் வரிவரியாகப் பார்க்கலாம்.

எண்டோமெட்ரியாய்டு என்பது இந்த நோய் வரும் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இருக்கும் வகை. பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலால் மெதுவாக வளரும், சீக்கிரமே உதிரப்போக்கு காட்டிக் கொடுத்துவிடும். சீரஸ், கிளியர் செல், கார்சினோசார்கோமா என்று வேறு வகைகள் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, குணத்தில் முரடு. கருப்பைக்குள் சின்னதாக இருக்கும்போதே வயிற்றுக்குள் வேறு இடங்களில் விதை தூவிவிடக்கூடியவை.

கிரேடு என்பது செல்கள் எவ்வளவு தூரம் உருமாறியிருக்கின்றன என்ற கணக்கு. கருப்பை உட்சுவர் இயல்பாகச் சுரப்பிகளால் ஆனது. கட்டியில் அந்தச் சுரப்பி வடிவம் போய்த் திடமாகத் திரண்ட பகுதி 5 சதவீதம் வரை என்றால் கிரேடு 1, 6 முதல் 50 சதவீதம் என்றால் 2, பாதிக்கு மேல் என்றால் 3. இப்போது 1, 2 இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் குறைந்த கிரேடு என்றே வைத்துவிடுகிறார்கள். ஆகவே அந்த "2" என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊடுருவல் 15-க்கு 6, அதாவது 40 சதவீதம். பாதிதான் இங்கே எல்லைக்கோடு. பாதியைத் தொட்டாலோ தாண்டினாலோ 1பி ஆகிவிடும், ஏனென்றால் தசைச் சுவரில் ஆழமாகப் போகப் போக நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகிறது. எல்விஎஸ்ஐ என்பது கட்டியை ஒட்டிய நுண்ணிய இரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றுச் செல்கள் நுழைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. அம்மாவுக்கு ஃபோக்கல், அங்கே இங்கே ஒன்றிரண்டு குழாயில் மட்டும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழாய்களில் இருந்தால் அது கணிசமானது என்று 2023-இல் ஃபிகோ, அதாவது உலக மகப்பேறு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு, வரையறுத்தது. கணிசமாக இருந்திருந்தால் கணுக்கள் சுத்தமாக இருந்தாலும் கதிர்வீச்சு பற்றிப் பேச்சு வந்திருக்கும்.

இரண்டு, மூன்று கணுதான் எடுப்பார்களா என்று வேறு சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் பத்து, இருபது என்று அள்ளி எடுப்போம், அப்புறம் சிலருக்குக் கால் வீங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க இறுக்கமான காலுறை போட வேண்டியிருக்கும். இப்போது கருப்பை வாயில் ஒரு பச்சைச் சாயத்தை ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் கணு எது என்று பார்த்து அதை மட்டும் எடுத்து நுணுக்கமாகச் சோதிக்கிறார்கள். அது சுத்தமாக இருந்தால் மற்றதும் பெரும்பாலும் சுத்தம்.

இனி, என் கணக்கில் அந்தத் தாளிலேயே மிக முக்கியமான வரி: பி53 நார்மல். பி53 என்பது செல்கள் கட்டுமீறி வளராமல் தடுக்கும் புரதம். 2013-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய மரபணு ஆய்வு இந்தப் புற்றுநோயை நான்கு குடும்பங்களாகப் பிரித்துக் காட்டியது. பிஓஎல்இ மரபணுவில் மாற்றம் உள்ளவை, எம்எம்ஆர் என்ற, டிஎன்ஏ பிழைகளைப் பழுதுபார்க்கும் புரதங்கள் இல்லாதவை, பி53 கெட்டுப்போனவை, இந்த மூன்றிலும் சேராதவை. நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகள் வேறு வேறு குடும்பமாக இருக்கலாம். போர்டெக்-3 என்ற பன்னாட்டு ஆய்வில் சேர்ந்திருந்த, திரும்பி வரும் ஆபத்து அதிகம் என்று கருதப்பட்ட பெண்களின் கட்டிகளை இப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பிஓஎல்இ குடும்பத்தில் 98 சதவீதம், பி53 குடும்பத்தில் 48 சதவீதம், மற்ற இரண்டிலும் 72, 74. இன்னொன்றும் தெரிந்தது. பி53 கெட்டவர்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 36 சதவீதம் பேருக்குத்தான் நோய் திரும்பவில்லை, கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 59 சதவீதம். (இவர்கள் எல்லாரும் ஆபத்து அதிகமுள்ள பிரிவு. அம்மாவுக்கு இந்த எண்களைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.)

எட்டாவது மாடி ஆன்ட்டியின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் 1ஏ-க்குக் கீமோ என்றால் சீரஸ் வகையோ பி53 கெட்ட கட்டியோ தசைக்குள் போயிருக்கலாம் என்று ஊகிக்கலாம். அவருக்குக் கொடுத்தது சரி, அம்மாவுக்குக் கொடுக்காததும் சரி. குறைந்த கிரேடு, பாதிக்குக் குறைவான ஆழம், கணு சுத்தம், பி53 நார்மல், இவ்வளவும் இருக்கும்போது கீமோ கொடுத்தால் விரல் மரத்துப்போவதும் வாந்தியும்தான் மிச்சம். சிகிச்சை கொடுக்காமல் இருப்பதும் யோசித்து எடுத்த முடிவுதான்.

ஒரே ஒரு விஷயம் அடுத்த முறை போகும்போது கேளுங்கள். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 (இரண்டும் மேலே சொன்ன எம்எம்ஆர் புரதங்கள்) இல்லை என்று வந்திருக்கிறதல்லவா, எம்எல்எச்1 மெத்திலேஷன் பரிசோதனை, அதாவது அந்த மரபணு கட்டியில் ரசாயனக் குறியால் அணைக்கப்பட்டிருக்கிறதா என்ற சோதனை செய்தார்களா, முடிவு என்ன என்று. பெரும்பாலும் அந்தக் கட்டியில் மட்டும் நேர்ந்த மாற்றமாகத்தான் இருக்கும், குடும்பத்துக்குச் சம்பந்தமில்லை. மெத்திலேஷன் இல்லை என்று வந்தால் மட்டும் பரம்பரையா என்று இரத்தப் பரிசோதனை வேண்டும். அது உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் தேவையான தகவல்.

அக்காவுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று உறுதியாகிவிட்டது. நானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். செய்தால் அப்புறம் காப்புறுதி எடுக்க முடியாது என்று வீட்டுக்காரர் தடுக்கிறார்.
- வாசகி, உட்லண்ட்ஸ்

லிஞ்ச் என்பது மேலே சொன்ன எம்எம்ஆர் புரதங்களின் மரபணுவில் பரம்பரையாக வரும் கோளாறு. உங்களுக்கும் அது இருக்க சரிபாதி வாய்ப்பு. இருந்தால் கருப்பை மட்டுமல்ல, பெருங்குடலும் கவனம் கேட்கும். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி செய்து சதை வளர்ச்சியைப் புற்றாவதற்கு முன்பே எடுத்துவிடலாம். இல்லை என்று வந்தால் இந்தக் கவலையே வேண்டாம், உங்கள் பிள்ளைகளுக்கும் உங்கள் வழியாகப் போகாது. காப்புறுதி விஷயத்தில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், 2021-இல் சுகாதார அமைச்சும் காப்புறுதி நிறுவனங்களும் சேர்ந்து ஓர் ஏற்பாடு கொண்டுவந்திருக்கின்றன. மரபணுப் பரிசோதனை செய்துகொள் என்று எந்த நிறுவனமும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நோய் வருமா என்று முன்கூட்டியே பார்த்த பரிசோதனையின் முடிவைக் கேட்பதற்கும் மிகச் சில நோய்கள், அதுவும் பெரிய தொகைப் பாலிசி என்றால் தவிர அனுமதி இல்லை. தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மரபணு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியையே முதல் கேள்வியாகக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் கேட்பதுதான்.

பயாப்சி எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்று மாமியார் எடுக்க விடமாட்டேன் என்கிறார்.
- மருமகள், தெம்பனிஸ்

பரவாது. மெல்லிய உறிஞ்சுகுழல் மாதிரி ஒன்றை உள்ளே விட்டுச் சிறிது திசுவை எடுப்பார்கள், மாதவிடாய் வலி போல ஒரு பிடிப்பு இருக்கும், முடிந்தது. பயாப்சி இல்லாமல் மேலே நாம் பேசிய எதுவுமே தெரியாது. மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள், தாதி விளக்கிச் சொன்னால் கேட்பார்.

எனக்கு 63 வயது. தீட்டு நின்று 11 வருடமாகிறது. போன மாதம் இரண்டு தடவை உள்ளாடையில் லேசாகக் கறை. வலி ஒன்றுமில்லை. இரண்டு வருடம் முன்பு எடுத்த பாப் ஸ்மியர் நார்மல். பேத்தியின் பிறந்தநாள் விழா முடிந்ததும் பார்க்கலாமா?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

விழாவுக்கு முன்பே போய்வந்துவிடுங்கள் அம்மா, இந்த வாரமே. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் வரும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது, உட்சுவர் மெலிந்திருக்கும் அல்லது ஒரு பாலிப் இருக்கும். ஆனால் இதைத் திருப்பிப் பாருங்கள், இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதலில் தெரிந்த அறிகுறி இதே கறைதான். இந்த நோயில் பெரும்பாலோர் நன்றாகப் பிழைப்பதற்குக் காரணமே அது ஆரம்பத்திலேயே இப்படிக் காட்டிக் கொடுப்பதுதான், அந்த நன்மையை நாம் ஏன் வீணாக்க வேண்டும்? கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தவர்களில் 100-க்கு 95 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி உயிரோடு இருக்கிறார்கள் என்கிறது அமெரிக்கப் பதிவேடு.

பாப் ஸ்மியரை நம்பி உட்காராதீர்கள். அது கருப்பை வாய்க்கான சோதனை, உள்ளே இருக்கும் உட்சுவரை அது பார்ப்பதில்லை. இந்த நோய்க்கென்று எல்லாருக்கும் செய்யும் முன்பரிசோதனை எதுவும் சிங்கப்பூரில் இல்லை, உங்கள் உடம்பு காட்டும் கறைதான் முன்பரிசோதனை. பலதுறை மருந்தகத்தில் சொன்னால் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள், மானியமும் கிடைக்கும். அங்கே பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் பெரும்பாலும் நிம்மதி, கூடினால் பயாப்சி. ஸ்கேன் நன்றாக வந்தும் கறை மறுபடி வந்தால், மறுபடி போங்கள்.

தங்கைக்கு ஸ்டேஜ் 4. வயது 51. இணையத்தில் பார்த்தால் ஐந்து வருடம் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர் என்று இருக்கிறது. அவளிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.
- அண்ணன், பொத்தோங் பாசிர்

அந்த எண்ணை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை ஐயா. பொய் என்பதற்காக இல்லை, அது பழைய கணக்கு என்பதற்காக. ஐந்து வருடக் கணக்கு வர ஐந்து வருடத்துக்கு முன்பே சிகிச்சை பெற்றவர்களைத்தான் எண்ண முடியும். அந்தப் பெண்களில் பலருக்கு இப்போதிருக்கும் மருந்துகள் கிடைத்திருக்காது. 2023-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன, முற்றிய அல்லது திரும்பி வந்த நோய்க்குக் கீமோவோடு நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவை. அதில் ரூபி என்ற ஆய்வில், எம்எம்ஆர் புரதம் இல்லாத கட்டி உள்ளவர்களில் இரண்டு ஆண்டுகள் கழித்தும் நோய் முற்றாமல் இருந்தவர்கள், டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்துப் பெற்றவர்களில் 61 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 16 சதவீதம். நான் மருத்துவத்தில் இருக்கும் காலத்தில் இந்த நோய்க்கு இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்ததில்லை.

அதனால் அவர் விஷயத்தில் நீங்கள் கேட்க வேண்டியது: எம்எம்ஆர் சோதனை முடிவு என்ன? பி53 எப்படி? ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டெரோன் ஏற்பி இருக்கிறதா? ஏனென்றால் ஏற்பி உள்ள, குறைந்த கிரேடு கட்டி என்றால் ஹார்மோன் மாத்திரையிலேயே சில காலம் அடக்கி வைக்க முடிவதுண்டு. சீரஸ் வகை என்றால் ஹெர்2 என்ற புரதத்தைப் பார்த்தார்களா? நோய் எங்கே இருக்கிறது, அறுவையில் கண்ணுக்குத் தெரியும் அளவு எதையும் மிச்சம் விடாமல் எடுக்க முடியுமா? இவை எல்லாவற்றையும் பொறுத்து ஸ்டேஜ் 4-இலேயே ஒருவருக்கும் இன்னொருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எம்எம்ஆர் இருக்கிறது, பி53 கெட்டிருக்கிறது என்றால் பாதை கடினம்தான், அதை மறைக்க மாட்டேன். அப்போது வலி, மூச்சு, சாப்பாடு, தூக்கம் இவற்றைப் பார்க்கும் தணிப்புப் பராமரிப்புக் குழுவை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் கடைசி வாரத்துக்கு மட்டும் வருபவர்கள் இல்லை.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டியிருக்கும். 2022 செப்டம்பரிலிருந்து மெடிஷீல்டு லைஃப், அதாவது நம் தேசிய மருத்துவக் காப்புறுதி, புற்றுநோய் மருந்துப் பட்டியலில் இருக்கும் சிகிச்சைகளுக்குத்தான் பணம் தருகிறது. ஒரே மருந்து ஒரு நோய்க்குப் பட்டியலில் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. மருந்தின் பெயரைச் சொல்லி "இவர் நோய்க்கு இது பட்டியலில் உண்டா, மாதம் எவ்வளவு வரை" என்று ஊசி ஏறுவதற்கு முன்பே மருத்துவ சமூக சேவகரிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். தங்கையிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். அவரை முதலில் கேட்கச் சொல்லுங்கள், அவர் கேட்கிற அளவுக்குப் பதில் சொன்னால் போதும்.

எனக்கு 92 கிலோ, சர்க்கரையும் உண்டு. ஸ்டேஜ் 1-இல் கருப்பையை எடுத்தாகிவிட்டது. எடை குறையாவிட்டால் புற்றுநோய் திரும்பி வருமா?
- வாசகி, செங்காங்

எடைக்கும் இந்த நோய் வருவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுவில்தான் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாகிறது, அது உட்சுவரைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆனால் திரும்பி வருவதை முடிவு செய்வது பெரும்பாலும் மேலே முதல் பதிலில் சொன்ன விஷயங்கள்தான். உங்களிடம் நேராகச் சொல்கிறேன், ஆரம்பநிலையில் குணமானவர்களுக்கு இந்தப் புற்றைவிட இதயம்தான் பெரிய எதிரி, இந்த நோய் வந்த பெண்களின் இறப்புக் காரணங்களில் மாரடைப்பு, பக்கவாதம் முன்னணியில் இருக்கின்றன. ஆகவே எடையைக் குறைப்பது இதயத்துக்காக, சர்க்கரைக்காக. நம் ஆசிய உடம்புக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது, 27.5-க்கு மேல் அதிக ஆபத்து. காப்பிக்கடையில் கெட்டிப்பால் ஊற்றிய தே-வை "தே ஓ கொசோங்" (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று மாற்றுவதிலிருந்து ஆரம்பியுங்கள். இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மாத்திரைகளை "அதான் கேன்சர் போயிடுச்சே" என்று நிறுத்திவிடாதீர்கள், அப்படி நிறுத்துகிறவர்களைப் பார்க்கத்தான் செய்கிறேன்.

சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம். செக்கப் எல்லாம் நார்மல். மூன்று மாதம் திருச்சியில் மகனோடு இருந்துவிட்டு வரலாமா?
- வாசகி, அங் மோ கியோ

தாராளமாக. திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வரும், அதனால்தான் இந்தக் காலத்தில் அடிக்கடி கூப்பிடுகிறார்கள். போவதற்கு முன் ஒரு செக்கப், வந்ததும் ஒன்று என்று தேதியை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் மாற்றித் தருவார்கள். அங்கே இருக்கும்போது மறுபடி இரத்தம், விடாத இடுப்பு வலி, வயிறு உப்புதல், ஒரு கால் மட்டும் வீங்குதல், போகாத இருமல் இவற்றில் எதுவும் வந்தால் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே காட்டுங்கள். கருப்பை எடுத்த பிறகு பிறப்புறுப்புக் குழாயின் மேல்முனையில் மட்டும் திரும்பி வந்தால், முன்பு கதிர்வீச்சு பெறாதவர்களுக்குக் கதிர்வீச்சிலேயே குணமாக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதுவும் சீக்கிரம் கண்டுபிடித்தால். பெத்தாலஜி ரிப்போர்ட்டை முழுதாக, எல்லாப் பக்கமும், போனில் படம் எடுத்து மகனுக்கும் அனுப்பி வையுங்கள். திருச்சி டாக்டருக்கு உங்கள் சிங்கப்பூர் டாக்டரின் பெயரைவிட அதுதான் உபயோகம்.